உன் அம்மாவுக்கு ரத்தம் ஊறிய கதை

மேச்சேரி,
ஞாயிறு காலை.

அன்பு மகள் தமிழினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஆடுகளும் இங்கே சுகம். நொய்டாவில் நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதிவிட இந்தத் தடவை மனசு வரவில்லை சாமி, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. போன வாரம் போனில் பேசும்போது கடக்கு கடக்கென்று என்னவோ மென்றாய், கேட்டதற்கு ஐஸ்கட்டி, எவ்வளவு தின்றாலும் ஆசை அடங்கவில்லை என்று சிரித்தாய், நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. போனை வைத்ததும், எனக்கு அரிசி மாதிரி இவளுக்கு ஐசுங்க, இவளுக்கும் ரத்தம் கம்மியா இருக்குமுங்க என்றாள். போனில் சொன்னால் சரிங்கப்பா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், முழுதும் படி.

அம்மா பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்லுவது உனக்குத் தெரியும், உன் கல்யாணத்தில் மழை கொட்டப்போகிறது என்று நாம் எத்தனை கேலி செய்திருப்போம். சித்திரையில் ஒருநாள் தழைக்கட்டைத் தலையில் சுமந்து வந்தவள் ஆட்டுப்பட்டி வாசலிலேயே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று அப்போது சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ராஜம்மாள் அவள் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார், உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது, அரிசி மண் ஏதாவது திங்கறீங்களா என்று உடனே கேட்டார். நம் ஆடுகளுக்கு நான் பார்ப்பதும் இதேதானே, இமை வெளுத்தால் பூச்சி ரத்தம் குடிக்கிறது என்று மருந்து ஊற்றுகிறேன், மண்ணை நக்கினால் உப்புக்கட்டி வாங்கிக் கட்டுகிறேன். இருபத்தாறு ஆட்டின் இமையை இழுத்துப் பார்த்தவன் கட்டினவளை ஒருநாள் பார்க்கவில்லை. பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்தம் எட்டு புள்ளி இரண்டுதான் இருந்தது. இதை வைத்துக்கொண்டா தினமும் கரட்டு மேட்டில் ஏறி ஆடு மேய்த்தாள், சமைத்தாள், தழை சுமந்தாள் என்று நினைக்க நினைக்க இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார், சாப்பாடும் மாறினால்தான் நிலைக்கும் என்றார். கறிக்கடை கந்தவேலிடம் சொல்லிவைத்து வாரம் இரண்டு சுவரொட்டி, அதுதான் ஆட்டு மண்ணீரல், வாங்கி மிளகு போட்டு நானே வறுத்துக் கொடுத்தேன். ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும், இத்தனை வருசமும் அது என் தட்டுக்குத்தான் வந்தது, நானும் யோசிக்காமல் தின்றிருக்கிறேன். மற்ற நாளில் ராகிக் களி, முருங்கைக்கீரை, தட்டைப்பயறு, மேலே எலுமிச்சை பிழிந்து, சாப்பிட்டதும் ஒரு நெல்லிக்காய். பெரிய வம்பு டீயால்தான் வந்தது. களி தின்ற கையோடு டீ குடித்தால் தின்ற சத்து உடம்பில் சேராதாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடி என்றதற்கு ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை உன் அம்மா.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பதினொன்று புள்ளி இரண்டு! வேலியோரத்து முருங்கைத் தழையும் ஒரு பிடி ராகி மாவும் ஒரு மனுசி உடம்புக்குள் போய் ரத்தமாக மாறுகிறதே கண்ணு, இதைவிட அதிசயம் வேறென்ன இருக்கிறது. வெளுத்துக் கிடந்த உதடும் நகமும் என் கண் முன்னாலேயே சிவந்தன, கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. நேற்று அரிசி புடைத்தவள் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை, முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள், இருவது வருசமா நான் சோம்பேறின்னே நெனச்சுட்டு இருந்தனுங்க, என்னை நானே திட்டித் திட்டித்தான் எந்திரிச்சு வேலை செஞ்சனுங்க, புள்ளையும் அப்படித் தன்னைத் திட்டிக்க வேண்டாம், இதை எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன்.

பத்ரகாளி உனக்கு நீண்ட ஆயுசும் குறையாத தெம்பும் கொடுக்கட்டும். முருங்கைக்கீரைப் பொடியும் எள்ளுருண்டையும் அம்மா தனியாக அனுப்பியிருக்கிறாள். நீயாக மருந்துக்கடையில் எதையும் வாங்கி விழுங்காமல், திங்கட்கிழமையே ரத்தம் சோதிக்கக் கொடுத்து டாக்டரிடம் காட்டு. எவ்வளவு வந்தாலும் மறைக்காமல் அம்மாவிடமே சொல், அவள் ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
மாதேஸ்வரன்