தவிட்டு மூட்டை பெற்ற வண்டி முத்திரை

கருவேங்கை நாட்டில் மழை பிழையாது பொழிக. மாடும் மக்களும் பிணியின்றி வாழ்க. கழுகுக் கணவாயின் இருபுறத்தையும் ஒரு குடை நிழலில் காக்கும் வேந்தர் இளவேங்கைப் பெருமாளின் சாலை அமைச்சர் அந்துவன் சாத்தனார், குளமும் கழனியும் குறைவிலாப் பொற்குளக் கோட்டத்துக்கும் அங்குள்ள வண்டிச் சோதனை மன்றத்துக்கும் தலைவரான மாறன் கண்டனாருக்கு விடுக்கும் ஓலை. அமைச்சர் சொல்லச் சொல்ல, பிறர் பேச்சைப் பேசியபடியே பொறித்தவன் ஓலைநாயகம் தேவன் நக்கன்.

தங்கள் கோட்டம் வாழ்க. தங்கள் மன்றத்தையும் அவ்வாறே வாழ்த்த அமைச்சருக்கு நா எழவில்லை.

சென்ற திங்கள் கணவாய்ச் சுங்க வாயிலில் நடந்த ஒரு பேச்சு அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. எளிய உடையில் அவர் நின்றிருக்க, உப்பு வண்டி ஒன்று வந்தது. வாயிலுக்கு ஐம்பது அடி முன்னால், கயிற்றைப் பிடித்திருந்த கொற்றி என்பவள் அதைத் தன் கணவன் பூதனிடம் கொடுத்துவிட்டு மூட்டைமேல் நகர்ந்துகொண்டாள். கழுத்தில் செப்பு முத்திரை தொங்கும் பூதன் கயிற்றை உதறினான். மாடுகள் அசையவில்லை, இரண்டும் கழுத்தைத் திருப்பிக் கொற்றியையே பார்த்தன.

"வண்டி ஓட்டுவது யாரம்மா?" என்றார் அமைச்சர்.

"அவருதானுங்க. கழுத்துல முத்திரை தொங்குதே, தெரியலீங்களா?"

"மாடுகள் உன்னையல்லவா பார்க்கின்றன?"

"தீனி வைக்கிறவளைப் பார்க்காம, உங்களையா பார்க்கும்?"

அமைச்சர் சிரித்துவிட்டார். தாம் யார் என்பதைச் சொல்லி, வேண்டுவது ஏதேனும் உண்டா என்று வினவினார். அவள் உதடு பிரிந்தது. கணவன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. "வழி விட்டாப் போதுமுங்க" என்று நாவால் ஒரு சொடுக்குப் போட்டாள். மாடுகள் நடந்தன.

அவள் வாய் மூடியதன் காரணத்தை அமைச்சர் பின்னர் விசாரித்து அறிந்தார். பதினோர் ஆண்டுகளாக அச்சரிவில் பாரவண்டி இறக்குபவள் அவளே. பூதனுக்குப் பள்ளத்தைக் கண்டாலே தலைசுற்றும். முத்திரையில்லாதவர் கணவாயில் சரக்கு வண்டியின் கயிற்றைத் தொட்டால் வண்டியும் மாடும் அரசுக்கு உரியவை. உண்மையைச் சொன்னால் அக்குடும்பத்தின் ஒரே பிழைப்பு போகும். தங்கள் மன்றமோ இதுவரை ஒரு பெண்ணையும் சோதனைக்கு அழைத்ததில்லை.

ஆறாண்டுகளுக்கு முன் வேந்தர் வகுத்த விதி நல்ல விதி. பாரம் ஏற்றிய வண்டியைச் சரிவில் இறக்கவும், சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கவும், கடையாணியைப் பார்க்கவும், மாடு களைத்தால் நிறுத்தவும் அறிந்தவருக்கே முத்திரை என்றும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் கற்று மீண்டும் தேறவேண்டும் என்றும் அது கூறும். தங்கள் மன்றம் அதைச் செய்த அலங்கோலத்தைச் சொல்லவே வாய் கசக்கிறது. மேடு பள்ளமில்லாத முற்றம்; பாரமில்லாத வண்டி; ஆறாண்டும் அதே இரண்டு கிழட்டு மாடுகள்!

எட்டு நாள் முன்பு, தங்கள் முத்திரை பெற்ற சேந்தன் நெல்வண்டியோடு கணவாயின் மூன்றாம் திருப்பத்தில் இறங்கினான். வண்டி ஓடத் தொடங்கியதும் கயிற்றை விட்டுவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தான். பின்னால் வந்த கொற்றி குதித்தோடிச் சக்கரத்தடியில் கல்லைத் தள்ளினாள். வண்டி மலைப்பக்கம் சாய்ந்தது. ஒரு காளை மாண்டது. ஏறி வந்த குயவர் ஒருவரின் கால் முறிந்தது. அவள் இல்லையேல் அவருக்குப் பின்னே வந்த முப்பது பேரும் பள்ளத்தில் கிடந்திருப்பர்.

ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டதற்குச் சேந்தன் கூறிய விடை இது: "முற்றத்துல அதிகாரி மேடைகிட்ட வந்தா மாடு தானா நின்னுச்சுங்க. இதுங்க ஏன் நிக்கலைன்னு எனக்கும் வெளங்கலீங்க."

அன்று அமைச்சர் உணவு கொள்ளவில்லை. மறுநாள் யாரும் அறியாமல் தங்கள் முற்றத்துக்கு வந்தார். வண்டியில் ஒரு தவிட்டு மூட்டையை உட்காரவைத்து, தலைப்பாகை சுற்றி, கயிற்றை அதன்மேல் முடிந்துவிட்டார். மாடுகள் மூன்று சுற்று வந்து, மேடை முன் ஒழுங்காக நின்றன. தங்கள் சோதனை அதிகாரி வெற்றிலைத் தட்டிலிருந்து கண்ணெடுக்காமலே, "தேறிட்டான், அடுத்தவனை விடு!" என்று ஒரு முத்திரையை எறிந்தார். அது மூட்டையின் மடியில் விழுந்தது. சோற்றில் புழு நெளியக் கண்டவர் போல அமைச்சர் முகம் திருப்பிக்கொண்டார். அம்முத்திரை இவ்வோலையோடு தங்களுக்கு வருகிறது, தாங்களே அணிந்துகொள்ளலாம்.

ஆகவே வேந்தர் ஆணை கேட்க. தங்கள் மன்றம் வழங்கிய முத்திரை அனைத்தும் இன்று முதல் செல்லா. இனிச் சோதனை கணவாய்ச் சரிவில், முழுப் பாரத்தோடு, அவரவர் மாடுகளைக் கொண்டே நடைபெறுக. சோதிப்பவர் மேடையில் அமராது, அவ்வண்டியிலேயே மூட்டைமேல் அமர்ந்து கீழிறங்குக. முதல் வண்டியில் தாங்களே அமர்க. ஏழாம் நாள் விடியலில் மலையுச்சியில் தாங்கள் நிற்கவேண்டும். மறுப்பவர் பதவி மறப்பாராக. இது வேந்தர் சொல்; கல்லும் காவலும் சான்று.

இவ்வாறு ஆணை முடிந்து, அரக்கு உருகி, அமைச்சர் இலச்சினையைக் கையில் எடுத்த வேளையில், விபத்துக்குச் சான்று சொல்லக் கொற்றியோடு அழைக்கப்பட்டு அவையில் நின்ற பூதன் முன்னே வந்தான். தன் கழுத்து முத்திரையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "ஆறு வருஷமாச் சுமந்துட்டேன் சாமி. இது என்னுது இல்ல, சரிவுல வண்டி ஓட்டுறது அவதான்" என்றான். அச்சொல்லோடு அவன் வண்டியும் மாடும் விதிப்படி அரசுக்குரியவை ஆயின. கொற்றி கணவனை ஏறிட்டுப் பார்த்தாள், கண் கலங்கியது. பிறகு அவன் தோளோடு தோளாக வந்து நின்று சொன்னாள்:

"என் பேருக்குச் சோதனை வையுங்க ஐயா."