ஆறாவது பட்டை

மே 22, செவ்வாய்

ஆறு குடுவைகளில், தோலில் ஒட்டும் வலிநீக்கிப் பட்டைகள் ஆறு. தோலின் சூட்டில் வைத்த நீரில் மூன்று நாள் கிடந்து எவ்வளவு மருந்தை விட்டன என்று இன்று அளந்தேன். ஐந்து சரி. ஆறாவது பாதிகூட விடவில்லை. விதிப்படி இன்னும் பன்னிரண்டு பட்டைகளை வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாளை மறுநாள் என் மகள் மிக்லேனாவின் பள்ளி முடிப்பு விழா. விடுமுறை நாளில் ஆய்வகத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

ஐந்தாவதன் எண்ணைச் சற்று மாற்றி ஆறாவதற்கும் எழுதினேன்.

சரிபார்ப்பவர் எமிலியன். தாளைத் திருப்பாமலே கையெழுத்திட்டார். "நீ பாத்தா நான் பாத்த மாதிரி, ரதோ."

மே 24

தெரு முழுக்க கார் ஹாரன். பன்னிரண்டு வகுப்பும் முடித்த பிள்ளைகள், வழக்கம்போல் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணிக் கத்தினார்கள். நானும் சேர்ந்து எண்ணினேன். ஆறில் நாக்கு நின்றுவிட்டது.

செப்டம்பர் 18

கசான்லிக் ஊரிலிருந்து புகார். எலும்பில் புற்றுநோய் வந்தவர் ஒருவர் பட்டை ஒட்டியும் இரண்டு நாள் துடித்திருக்கிறார். மருத்துவமனையில் ஊசி போட்ட பிறகுதான் தூங்கினாராம். தனக்குச் சரியாக ஒட்டத் தெரியவில்லை என்று நினைத்து, அவர் மனைவி பட்டையை அழுத்தி அழுத்திப் பார்த்தாளாம்.

அந்தப் பட்டையின் தொகுதி எண்ணைப் பார்த்தேன். நான் சோதித்தது.

அந்த அம்மா தன் கையைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். என் கையல்லவா அது?

செப்டம்பர் 19

ஆய்வகத் தலைவி வாங்கெலோவா முதலில் எமிலியனைத்தான் கூப்பிட்டார். அடுத்த வருடம் ஓய்வுபெறுகிறவர், கண் மங்கிவிட்டது என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள். நான் குனிந்து சோதனைக் குழாய்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். வாய் வரல. ஏன் வரல? ஒரு வாக்கியம்தானே — சீ.

செப்டம்பர் 20

சொல்லிவிட்டேன். வாங்கெலோவா ஒன்றுதான் கேட்டார்: "மெஷின்ல அன்னிக்கு அளந்த எண் இன்னும் இருக்கா?"

இருந்தது. நான்கு மாதமாக அங்கேயேதான் இருந்தது. தொகுதி முழுவதையும் திரும்பப் பெறுகிறார்கள்.

வெளியே எமிலியன் நின்றிருந்தார். "உம்மேல கோவமில்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா பாக்காம போட்ட கையெழுத்து என்னோடதுதான்." அவருக்கும் எச்சரிக்கைக் கடிதம்.

செப்டம்பர் 30

மிக்லேனா படிக்க சோபியாவுக்குப் போகிறாள். பெட்டி அடுக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன்.

"என் விழாவுக்காகவா, அம்மா?"

ஆமாம் என்றால் பாதிப் பழி அவள் தலையில் விழும். "இல்லடி. உன்னை உன் சிநேகிதிகளோட அனுப்பிட்டு நான் வேலைக்குப் போயிருக்கலாம். எனக்குத்தான் மனசு வரல."

அவள் ஏற்கெனவே மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள்.

அக்டோபர் 15

சோதனை மேசை இனி எனக்கில்லை. குடுவை கழுவும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். இன்று நாற்பது குடுவைகள் கழுவி அடுக்கினேன். எடுத்துப்போக எமிலியன் வந்தார். ஒன்றைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு அடுத்ததை. நாற்பதையும் அவர் பார்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

இரண்டைத் திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு குழாயைத் திறந்தேன்.