தேடுகிற கந்தோர்

திருகோணமலை
2025 ஆகஸ்ட் 10

அன்பின் கீர்த்தி,

ஜெனீவாவில் குளிரா வெயிலா? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. லிங்கநகரில் உன் அம்மாவைக் கண்டேன். "அவளுக்கு எங்களோட கதைக்க நேரமில்லை பிள்ளை, உலகத்தோட கதைக்கிறாள்" என்றா. நான் சிரிச்சேன். கோபமும் வந்தது.

அஞ்சலோ இப்போது கதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். பிறந்ததிலிருந்து தகப்பனைப் படத்தில்தான் தெரியும். அதற்கு முத்தம் கொடுத்து முகத்தையெல்லாம் எச்சிலாக்கி வைத்திருக்கிறான்.

என் மெல்ரோயின் மீன்பிடிப் படகு கொட்பேத் துறைமுகத்திலிருந்து போய் ஒன்றரை வருசம் தாண்டிவிட்டது. இங்கே அரசாங்கக் கந்தோரில் "படகோட கடல்ல மூழ்கிட்டினம்" என்று எழுதி முடித்துவிட்டார்கள். நீங்கள் கூடுகிற அந்த உலக அமைப்பில், கடலில் காணாமற்போனவர்களைத் தேடுகிற அந்தச் சின்னப் பிரிவு மட்டுந்தான் இன்னும், கரையொதுங்குபவர்களை அடைக்கும் பர்மாக் கரைச் சிறைகளில் விசாரிக்கிறது. "தேடுதல் நடக்கிறது" என்று அவர்கள் அனுப்பும் கடிதத்தைப் பங்குச் சுவாமியிடம் காட்டித்தான் கோயிலில் மாதப் பூசைக்கு வேண்டுதல் கருத்துக் கொடுக்கிறேன்: மெல்ரோய் சுகமாகத் திரும்பிவர. அவரைப் பெத்த மாமியோ, இறந்தவர்களுக்குக் கொடுக்கிற ஆத்தும இளைப்பாற்றிக்குக் கொடுக்கச் சொல்லி அழுகிறா. புல்மோட்டையில் அதே படகின் ஓட்டி ஸப்வானின் மனைவி நஜ்முன் நிஸாவும் அதே கடிதத்தைக் காட்டித்தான், புருசன் இறந்தவள் வீட்டுக்குள் அடைந்திருக்கும் இத்தா இருக்கமாட்டேன் என்று நிற்கிறாள்.

அவள் போன கிழமை சொன்னாள்: "ஒரே கதைய அஞ்சு கந்தோர்ல சொல்லி வாய் காஞ்சு போச்சு ஜெனி. இவங்க எல்லாரையும் ஒரு படகுல ஏத்திக் கடலுக்கு அனுப்பணும். அப்பதான் தேடுறதெண்டா என்னெண்டு விளங்கும்." இரண்டு பேரும் வயிறு நோகச் சிரிச்சோம். பிறகு அழுதோம்.

அந்தப் பிரிவை மூடப்போகிறார்களாம் என்று ஒரு கதை. உண்மையா? எழுது.

உன்னை நம்பியிருக்கும்
ஜெனி

*

ஜெனீவா
2025 செப்டெம்பர் 2

என் ஜெனி,

ஏசு, உரிமையோடு ஏசு. ஆனால் பயப்படாதே.

நாடுகள் கூடி ஒவ்வொரு பிரிவுக்கும் எழுதிக்கொடுத்த வேலைதான் அதன் பணியாணை. இப்போது எல்லாப் பணியாணைகளையும் மறுபடி பார்க்கிறார்கள். பணக்கார நாடுகளுக்கு இது கத்தரிக்கோல். கட்டவேண்டிய பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொண்டு, செலவு கூடிப்போச்சு என்கிறார்கள். வளர்முக நாடுகள் நாங்கள் சொல்வது வேறு: எது வேண்டும், எது வேண்டாம் என்பதை நாடுகளே தீர்மானிக்கட்டும், பிள்ளைகளின் ஊட்டத்திலும் தடுப்பூசியிலும் கைவைக்காதே. நம் நாட்டின் சார்பில் இங்கே இருந்து, எங்கள் நாடுகளின் குழுவுக்கு உரை எழுதுவது நான்தான். கம்பஸில் உன் கட்டுரைகளைப் பார்த்தெழுதினவள், இப்போது நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு எழுதுகிறேன்!

நிஸா சொன்ன அந்த ஐந்து கந்தோர்க் கதையை உரையில் சேர்க்கலாமா? பெயர் போடமாட்டேன். மண்டபத்தில் எல்லோரும் தாள்களைத்தான் பேசுகிறார்கள், மனிதரை யாரும் பேசுவதில்லை.

உன் தேடுதல் பிரிவை என் கண்போலப் பார்ப்பேன்.

கீர்த்தி

*

திருகோணமலை
2025 செப்டெம்பர் 5

கீர்த்தி,

ஓம், உரையில் சேர்த்துக்கொள். நிஸாவிடம் கேட்டேன். "எண்ட வாய் காஞ்சது உலகத்துக்குத் தெரியட்டும்" என்கிறாள். அவளுக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம். இந்த மாதப் பூசையில் உன் பெயரையும் சேர்த்துக் கொடுத்தேன், தூரதேசத்தில் இருக்கும் சிநேகிதிக்காக என்று. சைவக்காரிக்குப் பூசையா என்று சுவாமி பகிடி பண்ணினார்.

உன் ஜெனி

*

ஜெனீவா
2025 டிசம்பர் 14

அன்பு ஜெனி,

வென்றுவிட்டோம். ஊட்டம், தடுப்பூசி, வறட்சி, ஒன்றிலும் கைவைக்க விடவில்லை. நிஸாவின் வசனத்தை வாசித்தபோது மண்டபத்தில் எல்லோரும் தாள்களிலிருந்து தலைநிமிர்ந்தார்கள். ஒளிப்பதிவை அனுப்புகிறேன், அவளுக்கும் காட்டு.

எதையாவது விட்டுக்கொடுத்தால்தான் மற்றதைக் காக்கலாம் என்ற நிலை வந்தது. தேடுதல் பிரிவைப் பெரிய கடற்பாதுகாப்புப் பிரிவோடு சேர்த்திருக்கிறோம். மூடவில்லை, சேர்த்திருக்கிறோம். நீங்கள் இனி ஒரே இடத்தில் கதை சொன்னால் போதும். காணாமற்போனவரின் எந்தக் கோப்பைத் தொடர்வதென்றாலும் அதை அந்தந்த நாடே கேட்கவேண்டும் என்பதிலும் உறுதியாக நின்றோம். வெளியார் வந்து எங்கள் வீட்டுக் கதவைத் திறக்கக்கூடாது அல்லவா?

அஞ்சலோவுக்கு ஒரு குளிர்ச்சட்டை வாங்கினேன். திருகோணமலையில் எதற்கு என்று சிரிக்காதே.

கீர்த்தி

*

திருகோணமலை
2026 பெப்ரவரி 8

கீர்த்தனி அவர்கட்கு,

சட்டை கிடைத்தது. அளவாக இருக்கிறது.

ஒளிப்பதிவை நானும் நிஸாவும் ஒன்றாக இருந்து பார்த்தோம். அவளுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். அவளுடைய வசனம் வந்தவுடன் கையைத் தட்டினாள். அடுத்த வசனத்தையும் சொல்லச் சொன்னாள். "ஆகவே இந்தப் பிரிவு தனியாக இயங்கத் தேவையில்லை." அதைச் சொன்னேன். தட்டின கை அப்படியே நின்றது. படகிலே ஏற்றுகிற பகுதியை நீங்கள் வாசிக்கவில்லை.

பிரிவிலிருந்து கடைசிக் கடிதமும் வந்தது. நம் நாடு மறுபடி கேட்காவிட்டால் மெல்ரோயின் கோப்பு முடிவுற்றதாகக் கொள்ளப்படும். கந்தோருக்குப் போனேன். "நாங்கள் முடிச்ச ஒண்டைத் திருப்பிக் கேட்கேலாது தங்கச்சி" என்றார்கள். இங்கே முடித்துவிட்டார்கள் என்று ஆகஸ்டில் உங்களுக்கு எழுதியிருந்தேன். அது தெரிந்துதான் அந்த விதியை எழுதினீர்கள்.

தடுப்பூசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பிள்ளைக்கும் அது வேண்டும். பணக்கார நாடுகள் இதைச் செய்திருந்தால் நிஸாவோடு இருந்து திட்டியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். விட்டுக்கொடுக்க ஒன்று தேவைப்பட்டபோது, திருப்பிப் பேசாது என்று உங்களுக்குத் தெரிந்த ஒன்றை எடுத்தீர்கள்.

நிஸாவை அவளுடைய வீட்டார் இத்தாவில் இருத்திவிட்டார்கள். காட்டுவதற்கு அவளிடம் இனி ஒன்றும் இல்லை. கதவடியில் நின்று கூப்பிட்டேன். "நீ மட்டும் விட்டுடாத ஜெனி" என்று உள்ளேயிருந்து சொன்னாள்.

இன்று பூசைக்குக் கருத்துக் கொடுக்கப் போனேன். மாமியும் வந்தா. சுவாமி பேனையைப் பிடித்தபடி, "பிள்ளை, என்னெண்டு எழுத?" என்று மெதுவாகக் கேட்டார். மெல்ரோய் சுகமாகத் திரும்பிவர என்றேன். கடிதத்தைக் கேட்காமலே எழுதினார். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டா.

"தூரதேசத்துச் சிநேகிதிக்கும் போடவோ?" என்றார்.

வேண்டாம் சுவாமி, ஒரே பூசையில் இரண்டு கருத்து எதற்கு என்றேன்.

இப்படிக்கு
ஜெனிதா மெல்ரோய்