சொன்னவளை அனுப்பிவிட்டார்கள்

அம்மா,

வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் உன் ஆஸ்பத்திரியின் சுவரொட்டியை ஒட்டியிருக்கிறார்கள். பசை இன்னும் காயவில்லை. மைதா வாடை அடித்தது. செவிலியர் தேவையாம், முன் அனுபவம் வேண்டாமாம், நேர்முகத் தேர்வு முடிந்த அன்றே பணியில் சேரலாமாம். 'அன்றே' என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கிழிக்கக் கை நீட்டினேன். பஸ் வந்துவிட்டது.

நீ நர்சிங் சூப்பரிண்டெண்டாக இருந்தவரை அங்கே 'அன்றே' கிடையாது. புதிதாக வரும் அக்காமாரை முதல் வாரம் ஊசியையே தொட விடமாட்டாய். அவர்களில் ஒருத்தியைக் காலிக் கட்டிலில் நோயாளியாகப் படுக்கவைத்து, மற்றவர்களை அவளைப் புரட்டவும் துடைக்கவும் சாதம் ஊட்டவும் சொல்வாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நோயாளி நான். கதைப்புத்தகம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் எனக்கு ஒரே கஷ்டம். முடிந்ததும் என்னிடம் கேட்பாய்: "ஏட்டி, உன்னத் தொடுததுக்கு முன்னால யாரு சொன்னா?"

முத்துமாரி அக்கா சொன்னாள். ராதாபுரத்துக்காரி. "பாப்பா, என் கை ஐஸ் மாதிரி இருக்கும், ஏசாத" என்றாள். அப்போதே அவளை உனக்குப் பிடித்துவிட்டது.

அவளுடைய முதல் வாரம் முடியும் முன்பே, வார்டில் ஆள் குறைவென்று, உன்னைக் கேட்காமல் மேனேஜர் அவளைத் தனியாக டூட்டியில் போட்டார். ஒரு தாத்தாவுக்கு டிரிப்ஸை வேகமாக ஓடவிட்டுவிட்டாள். அவருக்கு மூச்சு வாங்கியது. பதறி ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள், தாத்தா பிழைத்துக்கொண்டார். அதோடு விடவில்லை. அவர் மகனிடம் போய், "நாந்தான் தப்பா வச்சிட்டேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் பள்ளி விட்டு வந்து நான் உன் அறையில் படித்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் வந்தார்.

"மேடம், அந்தப் பிள்ள பயிற்சிக்காலத்துலதான இருக்கு? தகுதியில்லன்னு எழுதிக் குடுத்துருங்க. தப்பு பண்ணுதது ஒண்ணு, அத ஊருக்கே தண்டோரா போடுததா?"

"அவ சொல்லிட்டா சார். சொல்லாம இருக்கவ யாருன்னுதான் எனக்குப் பயம்."

"நீங்க இங்கன வார்டு நடத்துதீங்களா, பாவமன்னிப்புக் கூண்டு நடத்துதீங்களா?"

"பயிற்சி முடியாத பிள்ளையத் தனியா விட்டது யாருன்னும் சேத்தே எழுதித் தாரேன். கையெழுத்துப் போடுதீங்களா சார்?"

போய்விட்டார். நான் மேசைக்கு அடியில் சத்தமில்லாமல் கைதட்டினேன்.

அடுத்த மாதமே நீ போய்விட்டாய். போன வாரம் ஆஸ்பத்திரியில் உன் படத்தைத் திறந்தார்கள். "மேடம் வளர்த்த பிள்ளைகள்தான் எங்கள் சொத்து" என்று மேனேஜர் மைக்கில் அழுதார். அந்தச் சொத்தில் ஒன்றான முத்துமாரி அக்காவை, உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே வெளியே அனுப்பியிருந்தார். நேரே போய்க் கேட்டேன். "பாப்பா, நீ நல்லாப் படி" என்று தலையில் கை வைத்தார். பக்கத்தில் நின்ற அக்காமார் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவர்கள்மேலும் எனக்குக் கோபம்தான்.

எல்லாரையும்விட உன்மேல்தான் அதிகம். ஆஸ்பத்திரி மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்ததை ஆயா பார்த்திருக்கிறாள். வீட்டில் சொல்லாதே என்றாயாம். எங்களிடம், "வாயுவுட்டி, சுக்குத்தண்ணி குடிச்சாச் சரியாப் போவும்" என்றாய். உன் வார்டில் ஒருத்தி அப்படி மறைத்திருந்தால் நீ சும்மா விட்டிருப்பாயா? நீ சொல்லியிருந்தால் முத்துமாரி அக்காவுக்கு வேலை இருந்திருக்கும். எனக்கு நீ இருந்திருப்பாய்.

நேற்று அவள் போன் செய்தாள். இன்னோர் ஆஸ்பத்திரியில் நேர்முகத் தேர்வாம். "முந்தின வேலைய ஏன் விட்டேன்னு கேப்பாங்க பாப்பா. நடந்ததச் சொல்லட்டா, இல்ல வீட்டுல கஷ்டம்னு சொல்லிரட்டா? மேடம் இருந்தா மேடத்துகிட்டக் கேப்பேன்."

பொய் சொன்னால் வேலை கிடைக்கும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் சம்பளத்தை நம்பித்தான் அந்த வீடு இருக்கிறது.

"நடந்ததச் சொல்லுங்கக்கா" என்றேன்.

இன்று சொல்லிவிட்டாளாம். பிறகு கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்களாம். கூப்பிடாவிட்டால் அந்தக் கோபத்தையும் உன்மேல்தான் வைப்பேன், அம்மா. ஆனால் அடுத்த இடத்துக்குப் போகும்போது அவள் மறுபடி கேட்டாலும், இதையேதான் சொல்லுவேன்.