எதிரெதிர்க் கிளிகள்

டிச. 16, 2003. செவ்வாய்.

கம்பத்தில் பனி. எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. குமுளி போகும் ஐயப்ப வண்டிகளின் ஹாரன் மட்டும்.

காலை வேலை: அம்மாவுக்குக் கட்டம் வாசிப்பது. மேட்டி துணியில் கிராஸ் ஸ்டிச். எதிரெதிரே இரண்டு கிளி, நடுவில் கொடி. பொங்கலுக்குள் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்ட வேண்டுமாம். துணியின் துளைகள் அம்மாவுக்குத் தெரிகின்றன. படப்புத்தகத்தின் பொடிக் கட்டங்கள் தெரிவதில்லை. ஆக, எம்.ஏ. முடித்த நான்: "அடர்பச்சை மூணு. ஒண்ணு விடு. இளம்பச்சை ரெண்டு."

"பாட்டு மாதிரி இழுக்காதலே. கணக்குத் தப்புது."

மதினி காப்பி வைத்துவிட்டுப் போனார். அம்மா காப்பியை எடுத்தாள், ஆளைப் பார்க்கவில்லை. மலையாளத்துக்காரரான இவரை அண்ணன் குமுளியில் விரும்பிக் கட்டிவந்த நாளிலிருந்து இப்படித்தான். சோறு உண்டு. பேச்சு இல்லை.

அண்ணன் திராட்சை மண்டிக்குக் கிளம்பும்போது வாசலில் என்னிடம், அம்மா காதில் விழும்படி: "தை பொறக்கட்டும். தேனில தனி வீடு பாத்துருவேன். இவ எத்தன நாளைக்குச் சொவத்தப் பாத்துப் பேசுறது?"

அம்மா ஊசியில் நூல் கோக்கப் போனாள். ஊசிக்காதைத் தவறவிட்டாள். மறுபடி. மறுபடியும்.

டிச. 18. வியாழன்.

நாளை மதுரை. நேர்காணல். தற்காலிக விரிவுரையாளர். இருக்கிற ஒரே நல்ல சட்டையில் பொத்தான் இல்லை. மதினி தைத்துக்கொண்டிருந்தார்.

"இவன் போய்ட்டா கட்டத்த யாரு வாசிக்கிறது?" அம்மா. முன்னறையில் எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை.

"மதினி ஸ்கூல்ல கன்னியாஸ்திரிங்ககிட்டத் தையல் படிச்சிருக்காக," என்றேன்.

அம்மா குனிந்து, துணியில் இருந்த கிளியிடம்: "ஏ கிளி, ஒனக்கு மலையாளம் வருமா?"

மதினி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனார். சிரிப்பா, அழுகையா. தெரியவில்லை.

டிச. 22. திங்கள்.

திரும்பிவிட்டேன். நேர்காணல்: 'தகவல் வரும்.' அவ்வளவுதான். உத்தமபாளையம் தாண்டியதும் பஸ் ஜன்னலில் ஈர வயல் வாசம். எதிர்பாராமல் ஒரு சந்தோஷம். காரணம் தேடவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்டேன்.

அம்மா: "ஏ கிளி, அடுத்து ஒனக்கு அலகா, கண்ணா? கேட்டுச் சொல்லு."

மதினி: "கண்ணாணு கிளியே. கறுப்பு ஒண்ணு. அதோட நீ முடிஞ்சு."

இருவரும் தலை தூக்கவில்லை. கிளி அலுக்காமல் தூது போனது.

முதல் கிளி முடிந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் அத்தனை சுத்தம், முடிச்சே இல்லை. அம்மாவை நினைத்தால் சில சமயம் பயம்.

டிச. 24. புதன்.

கெங்குவார்பட்டியில் ஒரு சாவு, துட்டி வீடு. நேற்றுப் போன அம்மா இன்று மதியம் வந்தாள். குளித்தாள். துணியை எடுத்தாள். நின்றுவிட்டாள்.

அம்மா இல்லாத நேரத்தில் மதினி இரண்டாம் கிளியைத் தொடங்கி, ஓர் இறக்கையை முடித்திருக்கிறார். கணக்கு ஒரு துளைகூடத் தப்பவில்லை. ஆனால் அம்மா பெருக்கல் குறித் தையலின் மேல்நூலை வலப்பக்கம் சாய்ப்பாள். மதினி பள்ளியில் படித்தது இடப்பக்கம். ஜன்னல் வெளிச்சத்தில் முதல் கிளி மின்னுகிறது, இந்த இறக்கை மங்குகிறது. துணியைத் திருப்பினால் மாறுகிறது. ஒரே நூல், ஒரே பச்சை. தைத்தது இரண்டு கை என்று எவருக்கும் தெரியும்.

மதினி கத்தரியை எடுத்துவிட்டார். "பிரிச்சிடறேன் அம்மா." கிளியிடம் இல்லை. நேராக.

அம்மா துணியோடு உள்ளே போனாள். கதவு.

மண்டியிலிருந்து வந்த அண்ணன்: "போதும். நாளைக்கே தேனி போறேன், வீடு பாக்க."

சாப்பாடு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ரசம் நன்றாக இருந்தது.

டிச. 25. வியாழன்.

பனி இல்லை. நல்ல வெயில். அம்மா வாசல்படியில் உட்கார்ந்து துணியை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம்.

அண்ணன் வண்டிச் சாவியோடு வந்தான்.

"ஏலே பெரியவனே, எங்க?"

"தேனிக்கு. சொன்னேன்ல."

"ஒரு கிளி இங்கிட்டுப் பாக்குது, ஒண்ணு அங்கிட்டுப் பாக்குது. ரெண்டுக்கும் நூல ஒரே பக்கமா சாய்ச்சா எப்பிடிலே? எதுத்தாப்புல இருக்கறது எதுத்தாப்புலதான சாயணும்? இதான் சோடிக் கிளி. நானு இம்புட்டு வருசமா ஒரே கிளிய ரெண்டு தடவ தச்சிருக்கேன்."

"அதுக்கு?"

"பச்ச நூலு ரெண்டு கண்டு வாங்கியா. இங்கன கம்பத்துலயே கெடைக்கும். தேனிக்கு எதுக்கு?"

அண்ணன் சாவியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பி: "ஏத்தா."

இந்த வீட்டில் அப்படிக் கூப்பிட வேறு பெண் இல்லை. மதினி மாவுக் கையோடு எட்டிப் பார்த்தார்.

"கையக் கழுவிட்டு வா. இந்தக் கிளி ஒன்னோடது. வால் வரைக்கும் நீதான் தைக்கணும்."

மதினி என் பக்கத்தில் உட்கார்ந்தார். நூல் கோத்தார். நான் புத்தகத்தைப் பிரித்தேன்.

"அடர்பச்சை மூணு..."

"பாட்டு மாதிரி இழுக்காதே," என்றார் மதினி.