பொருந்தவில்லை என்றீர்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

நான் ரத்தப் பரிசோதனைக்குப் போனதுமே அம்மா ஆபரேஷனுக்கு நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார். எனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. என் கிட்னி அண்ணனுக்குப் பொருந்துகிறது என்று டாக்டர் நம் இருவரிடம் மட்டும் சொன்ன பிறகு, நீங்கள்தான் என்னைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய்க் கேட்டீர்கள்.

"என் முகத்தைப் பார்க்காம சொல்லும்மா. உனக்கு இஷ்டமா?"

"பயமா இருக்கு அண்ணி. என்னால முடியாது."

வெளியே வந்து அம்மாவிடம், "பொருந்தலைன்னுட்டாங்க அத்தை" என்றீர்கள். படுத்திருப்பவர் உங்கள் கணவர். அப்படியும் சொன்னீர்கள். அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது அண்ணி. இதற்கு எப்படி நன்றி சொல்வேன்?

நேற்று டயாலிசிஸ் முடிந்து அண்ணன் போன் செய்தார். "கொடுக்க முடியலையேன்னு நீ வருத்தப்படாதம்மா" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

முடியாது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. இப்போதும் என் பதில் அதுதான். ஆனால் அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ள அண்ணனுக்கும் உரிமை உண்டல்லவா? அது தெரியாமல் அவர் காட்டும் பாசத்தை ஏமாற்றி வாங்குவதுபோல் இருக்கிறது. எனக்காகச் சொன்ன பொய்யை இனி நீங்கள் சுமக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து திருவெறும்பூர் வருகிறேன். நானே சொல்லிவிடுகிறேன். அம்மா கத்துவார். அண்ணன் என்ன சொல்வாரோ தெரியாது. அவர் கோபப்பட்டால் நீங்கள் அவர் பக்கமே நில்லுங்கள். என் பக்கம் ஒருமுறை நின்றுவிட்டீர்கள், அது எனக்குப் போதும்.

என்றும் உங்கள்
நாத்தனார்