டப்பாவுக்குத்தான் வாரண்டி

ஜீவனஹள்ளி, பெங்களூரு
13 ஜனவரி 2008

அன்புள்ள தியோடர்,

வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். நலமா என்று கேட்டால் அதற்குத் தனியாக ஒரு தாள் வேண்டும். இப்போது வேண்டாம்.

தாளில் எழுதக் காரணம் இருக்கிறது. மின்னஞ்சலில் நான் ஒரு பக்கம் எழுதினால் நீ ஏழு இணைப்புகளை அனுப்புகிறாய். தாளில் இணைப்பு அனுப்ப முடியாது. வாக்கியம்தான் எழுத வேண்டியிருக்கும்.

விஷயம் இது. முதல் டிஸ்க் சத்தம் போடுகிறது. டிக், டிக், சற்று நின்று, மறுபடி டிக். கோலார் தங்கவயலில் இரண்டு வருஷத்துக்கு முன் நாம் படம் எடுத்த முப்பத்தொரு சுரங்கத் தொழிலாளிகளில் முதல் பதினேழு பேர் அதில்தான் இருக்கிறார்கள். மீதிப் பதினான்கு பேர் இரண்டாவது டிஸ்கில். அது இன்றுவரை அமைதி.

கேசட் இருந்தால் பயமில்லை. நம்மிடம் இருந்தவை பன்னிரண்டு. ஒருவர் பேசி முடித்ததும் டிஸ்கில் ஏற்றிவிட்டு, அதே கேசட்டில் அடுத்தவரை எடுத்தோம். உன் யோசனை. நானும் அன்று அதைக் கெட்டிக்காரத்தனம் என்றேன். உன் அப்பா பேசியதன் மேல் கோவிந்தன் பேசியிருக்கிறார். கோவிந்தனின் மேல் வேறொருவர். ஆக, டிஸ்கில் இருப்பதுதான் எல்லாம். வேறு பிரதி உலகில் இல்லை.

இரண்டு டிஸ்க் உள்ள பெட்டி வாங்கு என்கிறாய். ஒன்றில் எழுதுவதை இன்னொன்றிலும் தானே எழுதிக்கொள்ளும். ஒன்று செத்தால் மற்றது இருக்கும். வீட்டு நெட்வொர்க்கில் செருகிவிட்டால் எந்தக் கணினியிலிருந்தும் திறக்கலாம். சரி. நீ அங்கிருந்தே திறக்கலாம் என்றும் ஒரு இணைப்பு சொல்கிறது. எங்கள் தெரு இணையத்தில் ஒரு மணி நேரப் படம் மான்செஸ்டர் வந்து சேரப் பத்தொன்பது நாள். மின்வெட்டு இல்லாமல்.

சனிக்கிழமை எஸ்.பி. ரோடு போனேன். முதல் கடையில் அப்படி ஒரு பொருளே இல்லை என்றார்கள். இரண்டாவது கடையில் ஒற்றை டிஸ்க் பெட்டி. அழகான நீல விளக்கு எரிகிறது. மூன்றாவதில் நீ சொன்னது போலவே ஒன்று. பெட்டி தனி, டிஸ்க் தனி, என் இரண்டு மாதச் சம்பளம். சாப்பிடாமல் இருந்தால். பழுதானால் சென்னைக்கு அனுப்புவார்களாம், மூன்று வாரம். உள்ளே இருப்பவை என்ன ஆகும் என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “பாஸ், டப்பாக்குத்தான் வாரண்டி. உள்ள இருக்கறதுக்கு யாரும் ஜவாப்தாரி இல்ல.”

நீ அனுப்பிய விமர்சனங்களையும் படித்தேன். ஒருவன் ஐந்து நட்சத்திரம் தருகிறான். பெட்டி வாங்கி இரண்டு நாள் ஆகிறதாம். இன்னொருவன் ஒரு நட்சத்திரம். மூன்று மாதத்தில் எரிந்துபோனதாம். ஒரே பெட்டி. இரண்டு பேருமே எங்கள் தெரு மின்சாரத்தில் அதை வைத்துப் பார்த்தவர்கள் இல்லை. இங்கே அதற்கு யுபிஎஸ் வேறு வேண்டும். அது என்ன விலை என்று கேட்க அன்று எனக்குத் தெம்பில்லை.

அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. தங்கை ரூபினியிடம் திரும்பி, “நம்ம துணிக்கே பீரோ இல்ல, இவன் படத்துக்கு பீரோ வாங்கப் போறானாம்” என்றாள். ரூபினி இரண்டு நாளாக என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள்.

ஒரே கேள்வி. எதை வாங்கட்டும்? ஒரு வாக்கியத்தில் சொல்.

உன்,
உதயா


ஜீவனஹள்ளி
10 பிப்ரவரி 2008

அன்புள்ள தியோடர்,

உன் பதில் வந்தது. மூன்று வாக்கியம், இரண்டே இணைப்பு. முன்னேற்றம்தான்.

அங்கே நல்ல பெட்டி மலிவு, ஈஸ்டருக்கு வரும்போது கொண்டுவருகிறேன், அதுவரை டிஸ்கைத் தொடாதே என்று எழுதியிருக்கிறாய். தொடவில்லை. வயரைப் பிடுங்கி, ஒரு பழைய சட்டையில் சுற்றி, அலமாரி மேல் வைத்திருக்கிறேன். அம்மா அதன் மேல் குங்குமப் பொட்டலம் வைக்கிறாள். நான் எடுத்துவிடுகிறேன். மறுநாள் மறுபடி இருக்கிறது.

இதை சீனுவிடம் சொன்னேன். பொம்மசந்திராவில் என்னோடு வேலை செய்கிறவன், வீடு நீலசந்திரா, பழைய கணினிகளைத் திறந்து மூடுவதில் சந்தோஷம் காண்கிறவன். ஷிஃப்ட் பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி திட்டினான். “சத்தம் போட்ட டிஸ்க்க ரெஸ்ட்ல வெச்சா சரியாயிடும்னு யார்ரா சொன்னது? அதென்ன ஜுரமா?” கையில் எது கிடைக்கிறதோ அதில் இன்றே பிரதி எடு என்கிறான். நீ சொன்ன பெட்டியிலும் அவனுக்கு மரியாதை இல்லை. தவறுதலாக ஒன்றை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அழியுமாம். திருடன் வந்தால் இரண்டும் போகுமாம். ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பிரதி அவன் கணக்கில் ஒன்றுதான்.

அவன் சொல்வது சரி என்று தோன்றுகிறது. நீ சொல்வதும் சரி என்று தோன்றுகிறது. எனக்கு எப்போதும் இப்படித்தான். இரண்டு சரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருப்பேன், பஸ் போய்விடும்.

இன்னொன்று. செவ்வாய்க்கிழமை காலை சம்பூர்ணம் அக்கா வீட்டுக்கு வந்தார். நினைவிருக்கிறதா, கோவிந்தனின் மனைவி. உன் அப்பா வீட்டு லைனில், அதே வரிசையில் நான்காவது வீடு. இப்போது தினமும் தங்கவயலிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூரு வந்து ஒரு அலுவலகத்தில் தரை துடைக்கிறார். ஈஸ்ட் ஸ்டேஷனில் இறங்கி, விசாரித்து விசாரித்து எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். எனக்கு மதிய ஷிஃப்ட், வீட்டில் இருந்தேன்.

கோவிந்தன் டிசம்பரில் போய்விட்டார். நுரையீரல்தான். வேறென்ன.

அக்கா உட்காரவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்றார். “அவரு பேசினத ஒரு சிடி போட்டுக் குடு தம்பி. கம்பெனி பாஸ்ல இருக்கற போட்டோ ஒண்ணுதான் எங்கிட்ட இருக்குது. அதுல அவருக்கு இருவது வயசு. எனக்கே யாரோ மாதிரி இருக்குது.”

படம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு பிரதி என்று அன்று நீதான் எல்லோரிடமும் சொன்னாய். அதனால் அன்றே உனக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேட்டேன். உன் பதில் எனக்கு மனப்பாடம். வெட்டாத படத்தை யாருக்கும் கொடுக்காதே. ஒன்று வெளியே போனால் ரோட்டில் சிடி போட்டு விற்பார்கள். பிறகு எந்தப் பட விழாவிலும் எடுக்க மாட்டார்கள். ஈஸ்டர் வரை பொறு.

பொறுக்கிறேன். வியாழக்கிழமை அவர் மறுபடி வந்தபோது ஈஸ்டர் என்றேன். அது எப்போது என்று கேட்டார். மார்ச் இருபத்து மூன்று. விரல் விட்டு எண்ணினார். பிறகு, டிஸ்க் எங்கே இருக்கிறது, பார்க்கலாமா என்று கேட்டார். அலமாரி மேல் காட்டினேன். சட்டையில் சுற்றியிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொடவில்லை. ஸ்டேஷன் பக்கம் நடந்து போனார்.

நீ வருகிற தேதியை எழுது. விமான எண் வேண்டாம். தேதி போதும்.

உன்,
உதயா


ஜீவனஹள்ளி
31 மார்ச் 2008

அன்புள்ள தியோடர்,

ஈஸ்டர் முடிந்தது. உன் மின்னஞ்சல் மார்ச் மூன்றாம் தேதியே வந்துவிட்டது. ஆய்வு வேலை, இப்போது வர முடியாது, ஜூலையில் பார்க்கலாம். ஒரு வரி. அதன் கீழே புதிய பெட்டி ஒன்றின் இணைப்பு.

அன்று மாலை லீவு போட்டேன். சீனு தன் பழைய கணினியையும் பெரிய டிஸ்க் ஒன்றையும் ஆட்டோவில் கொண்டுவந்தான். சட்டையைப் பிரித்து, வயரைச் செருகினோம். டிக் சத்தம் இருந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஒவ்வொருவராக எடுக்க ஆரம்பித்தோம். பதினான்கு பேர் முழுதாக வந்தார்கள். பதினைந்தாவதாக கோவிந்தன். பதினோரு நிமிஷம் வந்தது. பிறகு டிக் நின்றது. சீனு விசிறியை அணைத்துவிட்டுக் காதை வைத்துக் கேட்டான். வயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

அதற்குப் பின்னால் இருந்த இரண்டு பேர் முற்றிலும் இல்லை. செத்த டிஸ்கிலிருந்து மீட்டுத் தருகிற ஓர் இடத்துக்குக் கொண்டுபோனேன். திறந்து பார்த்தார்கள். தகட்டில் கீறல், எங்கும் கொண்டுபோக வேண்டாம் என்றார்கள்.

ஜனவரியில் பதினேழும் திறந்தன. நான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பார்த்துவிட்டு, நல்ல பெட்டி எது என்று ஏழு வாரம் யோசித்தோம். நீ யோசித்தாய். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எது பெரிய தவறு என்று தெரியவில்லை.

இனி நான் செய்தது. உன்னிடம் கேட்கவில்லை.

மிச்சமிருந்த இருபத்தொன்பது பேரையும் டிவிடியில் எழுதினோம். ஆளுக்கு இரண்டு. மொத்தம் ஐம்பத்தெட்டு. சீனுவின் டிரைவ் சூடாகி நின்று நின்று, பத்து நாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை தங்கவயல் போனேன். ஒவ்வொருவருக்கும் அவர் பேசிய தட்டு ஒன்று, வேறொருவர் பேசிய தட்டு ஒன்று. உங்களுடையது உங்கள் வீட்டிலும் இன்னொரு வீட்டிலும் இருக்கும், ஒன்று கெட்டால் அங்கே போய்க் கேளுங்கள் என்றேன். யாருடையது யாரிடம் என்று ஒரு நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தையும் நகல் எடுத்துக் கொடுத்தேன். லைன் வீடுகளில் கூரை ஒழுகினாலும் டிவிடி பிளேயர் இருக்கிறது.

ஒழுங்காக நடந்தது என்று நினைக்காதே. பச்சைமுத்துவுக்கு ஓஸ்வால்டின் தட்டு விழுந்தது. யூனியன் தகராறில் பத்து வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை என்று எனக்கென்ன தெரியும். “அவன் மூஞ்ச தெருவுலயே பாக்க மாட்டேன், ஊட்டுல வேற வெச்சிக்கணுமா?” என்றார். வேறு ஆளிடம் மாற்றித் தருகிறேன் என்றேன். கொடுக்க மாட்டேன் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பதிவு முற்றிலும் போன இரண்டு பேர் வீட்டுக்கும் போனேன். ஒருவர் டீ கொடுத்தார். இன்னொருவர், வேண்டுமானால் மறுபடி பேசுகிறேன் என்றார். ஆனால் அன்று ஒரு மணி நேரம் பேசினேனே, இப்போது அவ்வளவு மூச்சு கிடையாது என்றார்.

இந்தத் தட்டுகளும் நிலைக்காது. இவ்வளவு மலிவானவை ஐந்து வருஷம் தாங்கினால் அதிகம் என்கிறான் சீனு. தெரியும். ரோட்டில் விற்றாலும் விற்பார்கள். விற்கட்டும். யாராவது வாங்கிப் பார்க்கட்டும். இரண்டாவது டிஸ்கும் இப்போது எடுத்த பிரதியும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உன் படத்தை நீ எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

சம்பூர்ணம் அக்கா வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். போகாமல் இருக்கலாமா என்று மாரிக்குப்பம் வரை யோசித்தேன். முன்பே சொல்லிவிடத்தான் நினைத்தேன். அவர் அதற்குள் தட்டைப் போட்டுவிட்டார். கோவிந்தன் சிரித்தார், சட்டைக் காலரைச் சரிசெய்தார், முதல் நாள் கீழே இறங்கியபோது காது அடைத்ததைச் சொல்ல ஆரம்பித்தார். சுரங்கக் கூண்டு எப்படி இறங்கும் என்று கையால் காட்டினார். கை பாதியில் நின்றது. திரை நீலமானது.

“மீதி எங்க தம்பி?”

சொன்னேன். பிப்ரவரியில் நீங்கள் பார்த்தபோது உள்ளே இருந்தது என்பதையும் சொன்னேன். இது போதும் தம்பி என்று சொல்வார் என எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். சொல்லவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. ரிமோட்டை எடுத்து முதலிலிருந்து போட்டார். நான் இருக்கும்போதே நான்கு முறை.

இனி உன் அப்பா.

அவருடையது முழுதாக வந்தது. ஒரு மணி பத்து நிமிஷம். ஏற்றியபோது கோவிந்தனுக்கு முன்னால் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான் காரணம். அன்று நீ பேட்டரி வாங்க ராபர்ட்சன்பேட்டை போயிருந்தாய். கேள்வி கேட்டது நான். நீ திரும்பி வந்து, ஒலி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினாய். அதன் பிறகு நீ அதைத் திறக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது. உனக்கு எழுதக் கூடாது என்றார். எழுதிவிட்டேன். தட்டை நீட்டினேன். வாங்கவில்லை. “நான் பேசினது எனக்குத் தெரியாதா? அவனுக்கு அனுப்பு. அவன் கேக்கலன்னுதான் உங்கிட்ட சொன்னேன்.”

இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அட்டைக்கு நடுவில் இருக்கிறது, வளைக்காதே. இருமுகிற இடங்களை வெட்டிவிடு என்று முன்பு எழுதியிருந்தாய். வெட்டவில்லை. எங்கும் ஏற்றிவைக்காதே. உட்கார்ந்து ஒரு முறை பார்.

பார்த்துவிட்டு அவருக்குப் போன் செய். நான் அங்கே இருந்தபோது ஒரு தடவை மணி அடித்தது. எடுக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். தானே எழுந்து, சுவரைப் பிடித்து, நடுவில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கி, போன் பக்கம் போய்ச் சேர்வதற்குள் மணி ஓய்ந்துவிட்டது. யார் என்று தெரியாது. தியோடராக இருக்கும் என்றார்.

நெடுநேரம் அடிக்கட்டும். வைத்துவிடாதே.

உன்,
உதயா